கோத்தகிரி வீட்டுக்கு எந்த டிவி, எங்கே வாங்குவது?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 8 வருடம் ஓடிய 32 அங்குல எல்.இ.டி. டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பார்த்த மெக்கானிக் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. அம்மாவுக்கு சீரியலும் செய்தியும் வேண்டும், பையனுக்கு கிரிக்கெட்டும் யூடியூபும். வீட்டில் அரசு கேபிள் இணைப்பு. கோவைக்கு இறங்கிப் போய் 55 அங்குலம் வாங்கலாமா, குன்னூரிலேயே 43 அங்குலம் வாங்கலாமா? இதுதான் கேள்வி.

நான் குன்னூரில் 20 வருடத்துக்கு மேலாக டிவி பழுது பார்க்கிறேன். நடுவில் சில வருடம் கடையில் நின்று விற்பனையும் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியை ஆன் செய்து, ஏதாவது ஒரு சேனலை வைத்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆட்கள் நடமாடுவது மங்கலாக நிழல் போலத் தெரிந்தால் உங்கள் பேனல், அதாவது படம் காட்டும் திரை, நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் வந்து படம் வராத எல்.இ.டி. டிவிகளில் நான் பார்த்தவரை இதுதான் அதிகம். உள்ளே சின்னச் சின்ன எல்.இ.டி. பல்புகள் பட்டைகளாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கும். ஒன்று போனால் பல செட்டுகளில் மொத்தமும் அணைந்துவிடும். அந்தப் பட்டைகளை மாற்றுவதற்கு ஆகும் செலவு புது டிவி விலையில் சிறு பங்குதான். திரையில் கோடு கோடாக விழுந்தாலோ, பாதித் திரை வெளுத்துப்போனாலோ கதை வேறு. அது பேனல் கோளாறு. பேனல் மாற்றுகிற செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதற்குப் பணம் போடாதீர்கள்.

பேக்லைட்தான் போயிருக்கிறது என்றால் அதைச் சரிசெய்து அம்மா அறையில் வைத்துவிடலாம். பையனுக்குப் புதுசு வாங்குவதை அடுத்த தேயிலைப் பணம் வரும்வரை தள்ளிப்போடலாம். அது உங்கள் விருப்பம்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அளவு. கடைச் சுவரில் 43, 50, 55, 65 என்று வரிசையாக மாட்டியிருக்கும்போது 43 சின்னதாகத்தான் தெரியும். கடையின் கூரை உயரம், நீங்கள் நிற்கிற தூரம், பக்கத்தில் இருக்கிற 65, எல்லாமாகச் சேர்ந்து கண்ணை ஏமாற்றும். வீட்டில் ஒரு செய்தித்தாளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, ஏறக்குறைய 108 சென்டிமீட்டர். படம் மட்டும் குறுக்கே சுமார் 95 சென்டிமீட்டர் அகலம், 54 சென்டிமீட்டர் உயரம் வரும். 55 அங்குலம் என்றால் அகலமே ஏறக்குறைய 122 சென்டிமீட்டர். உட்காருகிற இடத்திலிருந்து சுவர்வரை அளந்துகொள்ளுங்கள். திரை அளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு தூரம் இருந்தால் கண்ணுக்கு வசதி. 43க்கு அது சுமார் ஐந்தரை அடியிலிருந்து 9 அடி. நம் பக்கத்து வீடுகளின் முன்னறை பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு அடி. நாற்காலி, கட்டில் போட்டபிறகு நடுவில் கிடைப்பது 7 அடிதான். அதற்கு 43 சரியான அளவு.

அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதைப் பேசமாட்டார். உங்கள் அம்மா பார்க்கப்போவது கேபிள். கேபிளில் வருகிற பெரும்பாலான சேனல்கள் சாதாரண தரத்தில் வருபவை. அந்தப் படத்தில் இருப்பது 720க்கு 576, அதாவது 4 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் இருக்கும் புள்ளிகள் சுமார் 83 லட்சம். நாலு லட்சத்தை எண்பத்து மூன்று லட்சமாக இழுத்து நிரப்பும் வேலையை டிவிக்குள் இருக்கிற சிப் செய்கிறது. நல்ல சிப் என்றால் முகம் முகமாக இருக்கும். மட்டமான சிப் என்றால் மெழுகு பூசினதுபோல இருக்கும். திரை பெரிதாகப் பெரிதாக அந்த மெழுகும் பெரிதாகும். 55 அங்குலம் வாங்கிப்போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து "பழைய டிவியிலேயே சீரியல் நல்லா தெரிஞ்சுதே" என்று என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான்.

கடையில் ஓடுவது மலர், கடல், கிளி என்று பளபளக்கும் டெமோ படம். அதில் எந்த டிவியும் அழகாக இருக்கும். நீங்கள் விற்பனையாளரிடம் மரியாதையாக இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, "சாதாரண கேபிள் சேனல் ஒன்னு போட்டுக் காட்டுங்க." செட்டாப் பாக்ஸ் இல்லை என்றால் ஒரு பென் டிரைவில் பழைய படத்தின் சாதாரணத் தரக் காட்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். இரண்டாவது, "ஷோரூம் மோடை எடுத்துட்டு வீட்டு மோடுல வைங்க." கடை மோடில் வெளிச்சமும் வண்ணமும் உச்சத்தில் இருக்கும். வீட்டு மோடில் வைத்து, படத்தை ஸ்டாண்டர்டு அல்லது சினிமா என்று மாற்றினால்தான் உண்மை முகம் தெரியும். அப்படியே பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்றும் பாருங்கள். சில பேனல்களில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துவிடும். வேறு சிலவற்றில் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். உங்கள் வீட்டில் அம்மா கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் இரண்டாவது வகை பொருந்தும்.

30,000க்குள் 55 அங்குலம் கிடைக்கும், கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விலைக்கு அந்த அளவைக் கொடுக்க எங்கேயாவது குறைத்தாக வேண்டும். பேக்லைட் மங்கலாக இருக்கும், சிப் மெதுவாக இருக்கும், இல்லை என்றால் சர்வீஸ் இருக்காது. அதே பணத்தில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 43 அங்குல 4கே வாங்குங்கள் என்பதுதான் என் தீர்மானமான பதில். டிவியை இயக்கும் மென்பொருள் கூகுள் டிவி, வெப் ஓஎஸ், டைசன், இவற்றில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ரேம் 2 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1 ஜிபி உள்ளவை ஒரு வருடத்தில் யூடியூப் திறக்கவே திணறும். கியூ.எல்.இ.டி. என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதுவும் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிற எல்.சி.டி.தான், வண்ணத்துக்காக ஒரு அடுக்கு கூடுதலாக இருக்கும். ஓ.எல்.இ.டி. வேறு வகை, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். ஆனால் அது உங்கள் பணத்துக்குள் வராது. தவிர, நாளெல்லாம் செய்திச் சேனல் ஓடுகிற வீட்டில் கீழே நிற்கும் பட்டையும் மூலையில் நிற்கும் லோகோவும் அந்தத் திரையில் தடம் பதிய வாய்ப்பு உண்டு.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். உங்கள் கேபிள் பெட்டி பழையதாக இருந்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் ஒயர்தான் போட்டிருப்பீர்கள். புது டிவிகள் சிலவற்றில் அந்த மூன்று ஓட்டை இல்லை. ஹெட்போன் ஓட்டை போல ஒன்றே ஒன்று இருக்கும், அதற்கு இணைப்பு ஒயர் தனியாக வேண்டும். சிலவற்றில் அதுவும் இல்லை. பெட்டியில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தால் அந்த ஒயரையே போடுங்கள், படம் நிச்சயம் மேம்படும். இல்லையென்றால் கேபிள் ஆபரேட்டரிடம் எச்டி பெட்டி மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். எச்டி பெட்டியும் நாலைந்து எச்டி சேனலும் தரும் வித்தியாசம், டிவிக்கு மேலே 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வராது.

இனி, கோவையா குன்னூரா? விலையைப் பொறுத்தவரை முன்பு இருந்த அளவு வித்தியாசம் இப்போது இல்லை. அதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரி இல்லாமல் 25,000 ரூபாய் இருக்கிற டிவி முன்பு 32,000, இப்போது 29,500. இந்தக் குறைப்பை யாராவது "எங்கள் கடை ஸ்பெஷல் தள்ளுபடி" என்று காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது எல்லாக் கடைக்கும் பொது. கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு விலை விசாரித்து, குன்னூரிலோ ஊட்டியிலோ அதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசத்துக்குள் வந்துவிடுவார்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். பல நேரம் ரொக்க விலை குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் வட்டி.

நான் மலையிலேயே வாங்கச் சொல்வதற்குக் காரணம் விலை இல்லை, வழிதான். சில வருடத்துக்கு முன் என் தங்கை வீட்டுக்கு, கோத்தகிரிக்குப் பக்கத்தில், கோவையில் ஒரு பெரிய கடையில் 50 அங்குலம் எடுத்தோம். டெலிவரி வண்டியில் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இடம் போதவில்லை என்று பெட்டியைப் படுக்கப்போட்டு, அதன்மேல் வேறு வீட்டுச் சாமானை வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார்கள். மறுநாள் நான் போய்ப் பிரித்தால் மூலையிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல். டிவிப் பேனல் கண்ணாடி மெல்லியது, நிமிர்த்தி வைத்தால் தாங்கும், படுக்கப்போட்டு வளைவு வளைவாக ஏறினால் தாங்காது. உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. "நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றது கடை. கடிதம் எழுதி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மாற்று டிவி வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் தங்கை மாமியார் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் எங்கே வாங்கினாலும், டெலிவரி ஆள் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, பிளக் போடாமலே டார்ச் அடித்துத் திரையின் நாலு மூலையையும் பார்த்து, முழுவதையும் செல்போனில் வீடியோ எடுத்து, அதற்குப்பிறகே கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்று கடையில் சொன்னால் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு, "உள்ளே பார்க்கவில்லை" என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பில்லில் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கவேண்டும். பணம் கொடுக்கும் முன் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, "கோத்தகிரி, பின்கோடு 643217க்கு இன்ஜினியர் வீட்டுக்கு வருவாரா, எத்தனை நாளில் வருவார்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் எவ்வளவு நல்ல டிவியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். குன்னூர், ஊட்டியில் ஆள் வைத்திருக்கிற கம்பெனியின் சாதாரண மாடல், கோவையிலிருந்து ஆள் வரவேண்டிய கம்பெனியின் உயர்ந்த மாடலைவிட நமக்கு நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவு என்று சாலை மூடினால் அவர் வரவும் முடியாது, நாம் கொண்டுபோகவும் முடியாது.

வீட்டுக்கு வந்த டிவியை உடனே போடாதீர்கள். குளிரில் வந்த பொருளை அடுப்பு எரிகிற கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே பனித்துளி போல நீர் கோர்க்கும். மூன்று, நான்கு மணி நேரம் அறையிலேயே நிற்கட்டும். அப்புறம் சுவர். பழைய கல் வீடுகளில் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவரில் திருகு நிற்காது, வெளிச்சுவராக இருந்தால் ஓதமும் அடிக்கும். திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா இணைப்புகளில் ஈரம் இறங்கினால் ஒரு வருடம், இரண்டு வருடத்தில் கோடு விழும். மேசைதான் நல்லது. ஆனால் புது டிவிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் தள்ளி இருக்கும். உங்கள் 32 அங்குல டிவி இருந்த மேசையில் அவை நிற்குமா என்று அளந்துவிட்டுப் போங்கள். துடைக்கும்போது திரைமேல் எதையும் தெளிக்காதீர்கள். தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், அங்கேதான் பல செட்டுகளில் அந்த நாடாக்கள் இருக்கின்றன. உலர்ந்த மெல்லிய துணி போதும்.

2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகளை நான் நிறையப் பழுது பார்த்திருக்கிறேன். மூடுபனிக் காலத்தில் பின்னால் "சர்ர்" என்று சத்தம் வரும். படக்குழாய்க்குப் போகிற 20,000 வோல்ட் ஈரத்தில் கசியும் சத்தம் அது. துடைத்துக் காயவைத்தால் மறுபடி ஓடும். இன்றைய டிவிகள் அவ்வளவு தாங்காது, ஈரத்தில் போனால் போனதுதான். அதனால் அடைமழை நாட்களில் யாரும் பார்க்காவிட்டாலும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே உள்ளே காயும்.

இடிதான் நம் மலையில் டிவிக்குப் பெரிய எதிரி. ஏப்ரல், மே கோடை மழையிலும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர், நவம்பரிலும் எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி இடியால் போனவைதான். "பிளக்கைக் கழற்றிட்டேனே, எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். இடி கரண்ட் ஒயரில் மட்டும் வருவதில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கம்பம் கம்பமாக இழுத்துக்கொண்டு வருகிற கேபிள் ஒயரிலும், கூரைமேல் இருக்கிற டிஷ் ஒயரிலும் வந்து, பெட்டியைக் கடந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியின் போர்டைத் தொடும். ஆகையால் வானம் கறுத்து இடி வரும்போல் இருந்தால், முழக்கம் கேட்பதற்கு முன்பே கரண்ட் பிளக், பெட்டிக்குள் போகும் கேபிள் ஒயர், இன்டர்நெட் ஒயர், மூன்றையும் கழற்றுங்கள். முழக்கம் கேட்க ஆரம்பித்தபிறகு எதையும் தொடாதீர்கள், டிவி போனால் போகட்டும்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் குறைந்த வோல்டேஜுக்காக அது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) உள்ள ஸ்பைக் கார்டு ஒன்று வாங்கி, வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பாறை மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. கரியும் உப்பும் போட்ட குழி காய்ந்துபோயிருந்தால் ஸ்பைக் கார்டு வைத்தும் பயன் இல்லை. பனிக்காலம் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுங்கள்.

டிவி ஓட ஆரம்பித்ததும் படத்தின் பேக்லைட் அளவை 60, 70க்குக் குறைத்துவையுங்கள். ராத்திரியில் பார்க்கிற அம்மாவின் கண்ணுக்கும் நல்லது, அந்தப் பல்புப் பட்டைகளும் கூடுதல் வருடம் தாங்கும். உங்கள் பழைய டிவி முழு வெளிச்சத்திலேயே 8 வருடம் ஓடியிருந்தால் அதுவே போனதற்குக் காரணமாக இருக்கலாம்.

பழைய டிவி பழுதுபார்க்கத் தேறாது என்றால் புதுசு வாங்குகிற கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், 500 ரூபாய் கொடுத்தாலும் சரி. மின்கழிவு முறையாக மறுசுழற்சி செய்யப்படுவதற்கான பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022ஆம் வருட மின்கழிவு விதிகளே சொல்கின்றன. ஓடைக்கரையிலோ சோலை ஓரத்திலோ மட்டும் போடவேண்டாம். பரணில் இன்னும் பழைய படக்குழாய் டிவி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. நம் தண்ணீர் எல்லாம் அந்த ஓடைகளிலிருந்துதான் வருகிறது.

இன்று ராத்திரி டார்ச் சோதனையைச் செய்துவிட்டு, நிழலுருவம் தெரிந்ததா இல்லையா என்று எழுதுங்கள் தம்பி. பின்பக்கம் இருக்கிற மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால், பட்டை மாற்றுவது லாபமா, புதுசு வாங்குவதே மேலா என்று சொல்கிறேன்.